எஞ்சின் நின்ற இடங்கள்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் வட்டாரத்துச் சரித்திரத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியை எடுத்துரைக்க வேண்டும் என்று நீங்கள் பணித்தபோது, பாளையக்காரர்களைப் பற்றியும் கழுகுமலைச் சிற்பங்களைப் பற்றியும் எட்டயபுரத்துப் புலவர்களைப் பற்றியும் பேச வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதையும், கரிப்புகை படிந்த ஒரு கொட்டகையைப் பற்றிப் பேச முன்வருவோர் மிகச் சிலரே என்பதையும் கருதி, ஆங்கிலத் துரைத்தனத்தின் காலத்தில் தோன்றிய நீராவி டிராமையும், அந்த யோசனையின் வழித்தோன்றலாக நம் கரிசற் பூமியில் எழுந்த ரயில் நிலையங்களையும் இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன். கோவில்பட்டித் தெருக்களில் டிராம் ஓடியதே இல்லையே என்று உங்களில் சிலர் ஐயுறக்கூடும். ஓடவில்லை என்பது உண்மைதான். ஆனால் இவ்வூரை ஊடறுத்துச் செல்லும் இருப்புப்பாதையைப் போட்ட கம்பெனியின் வம்சாவளியை விசாரித்துக்கொண்டு போனால், அதன் ஒரு கிளை ஒரு டிராம் கம்பெனியில் போய் முடிகிறது.

ரயிலின் கதையை எழுதுவோர் அது ஓடிய தூரத்தையும் கடந்த ஆறுகளையும் ஏறிய மலைகளையும் வியந்து எழுதுவது வழக்கம். எனக்கோ, நீராவி எஞ்சின் ஓடியதைக் காட்டிலும் அது நிற்க வேண்டியிருந்ததே நம் ஊர்களின் தலையெழுத்தை மாற்றியது என்று தோன்றுகிறது. தண்ணீருக்காகவும் விறகுக்காகவும் எதிர் வண்டிக்காகவும் அது எங்கெங்கே நின்றதோ, அங்கங்கே கிணறும் கொட்டகையும் கடையும் கிட்டங்கியும் எழுந்தன. நில்லாமற் போன இடங்கள், எவ்வளவு பழம்பெருமை வாய்ந்தவையாக இருந்தபோதிலும், வர்த்தகத்தில் பின்தங்கின. இந்த ஒரு கருத்தைத்தான் இன்று உங்கள் முன் விரிக்கப்போகிறேன்.

1. சிக்கனத்தில் பிறந்த யோசனை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டிராம் பாதை என்று சொன்னால், அகன்ற ரயில்பாதைக்கு ஆகும் செலவில் ஒரு பங்கைக் கொண்டே, லேசான தண்டவாளங்களைப் போட்டு, சாலையை ஒட்டியோ சாலையின் மீதோ வண்டிகளை இழுத்துச் செல்லும் ஏற்பாடு என்றே பொருள்பட்டது. இழுப்பது மாடாகவும் இருக்கலாம், குதிரையாகவும் இருக்கலாம், எஞ்சினாகவும் இருக்கலாம். பரோடா சமஸ்தானத்தில் தபோய் என்னும் ஊருக்குக் கெயிக்வார் மன்னர் 1862-இல் போட்ட குறும்பாதையில் முதலில் எருதுகளே வண்டியை இழுத்தன. கல்கத்தாவில் 1873 பிப்ரவரி 24-ஆம் தேதி சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் படித்துறை வரை குதிரை டிராம் தொடங்கிற்று. வரும்படி கட்டாமல் அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோயிற்று. 1880-இல் அங்கே புதிய கம்பெனி ஒன்று ஏற்பட்டு, 1882-இல் சௌரங்கி வழியில் நீராவி எஞ்சின்களைப் பரீட்சித்துப் பார்த்தது. அவையும் நிலைக்காமற் போக, 1902-இல் மின்சாரம் வந்து அந்த அத்தியாயத்தை முடித்து வைத்தது. ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகரத்திலோ, 1879-இல் ஒரு சர்வதேசப் பொருட்காட்சியை முன்னிட்டுத் தற்காலிகமாக ஓடவிட்ட நீராவி டிராம், ஜனங்களுக்குப் பிடித்துப்போய்ப் பல பத்தாண்டுகள் நிலைபெற்றுவிட்டது.

நகர வீதியில் ஓடும் நீராவி எஞ்சினுக்குச் சட்டம் கடுமையான நிபந்தனைகளை விதித்திருந்தது. புகை வெளிப்படலாகாது, ஆவி சீறலாகாது, குதிரைகள் மிரளாதபடி சக்கரங்களையும் அவற்றை இயக்கும் தண்டுகளையும் தகடுகளால் மூடியிருக்க வேண்டும். இத்தனைக்கும் உட்பட்டு ஓடிய அந்தச் சிற்றெஞ்சினைப் பராமரிக்கும் இடமே டிராம் கொட்டகை. குதிரைக்கு லாயம் எப்படியோ அப்படியே எஞ்சினுக்கும் கொட்டகை. தீனியும் தண்ணீரும் தேய்த்துக் குளிப்பாட்டலும் அங்கும் உண்டு. ஒரு வேறுபாடு என்னவென்றால், இழுக்காத வேளையில் குதிரை தூங்கலாம்; எஞ்சினின் அடுப்பையோ இரவிலும் அணையாமல் காக்க வேண்டும், அணைந்துவிட்டால் மறுபடி மூட்டி ஆவி சேர்ப்பதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே, டிராம் கம்பெனியின் செலவுக் கணக்கில் கொட்டகையும் கனத்து நின்றது.

சென்னைப் பட்டணம் இந்த நீராவிப் பருவத்தைத் தாண்டி, 1895-இல் நேரே மின்சார டிராமுக்கே போய்விட்டது. அது 1953 வரை ஓடிற்று. தமிழ்நாட்டில் நீராவியும் டிராம் என்னும் பெயரும் கூடிய இடம் எது என்று கேட்டால், காஞ்சிபுரத்தைத்தான் காட்ட வேண்டும்.

2. காஞ்சியிலிருந்து கரிசலுக்கு

சென்னை ராயபுரத்திலிருந்து மேற்கே புறப்பட்ட ரயில்பாதை 1856-இல் அரக்கோணத்தைக் கடந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அந்தப் பெரும்பாதையோடு உள்நாட்டு ஊர்களைச் சொற்பச் செலவில் இணைப்பதை நோக்கமாகக் கொண்டு 1862-இல் இந்தியன் டிராம்வே கம்பெனி என்றொரு ஸ்தாபனம் ஏற்பட்டது. அது அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்திற்கு, ஏறத்தாழ 19 மைல் தூரம், 3 அடி 6 அங்குல அகலத்தில் ஒரு லேசான பாதையைப் போட்டு, 1865-இல் எஞ்சின் வண்டியை விட்டது. நெசவாளர் நிறைந்த கோயில் நகரம் ஒன்று டிராம் கம்பெனியின் முதல் வாடிக்கையாயிற்று. பிற்பாடு அக்கம்பெனி கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாறி, நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் பாதை போட்டிருந்த கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயோடு ஒன்றாய்க் கலந்தது. 1874-இல் அந்தக் கூட்டு ஸ்தாபனமே தென்னிந்திய ரயில்வே ஆயிற்று.

நாகப்பட்டினத்துக் கம்பெனி 5 அடி 6 அங்குல அகலத்தில் ராஜபாட்டையாகப் பாதை போட்டது. காஞ்சிக் கம்பெனியோ ஒடுங்கிய பாதையே போதும் என்றது. இரண்டும் கலந்தபோது எந்த அகலம் வென்றது என்பதைக் கவனியுங்கள். மேயோ பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில், 1870-ஐ ஒட்டி, இனிப் போடும் பாதைகளில் பல மீட்டர் அகலத்திலேயே அமையட்டும் என்று துரைத்தனம் தீர்மானித்தது. அதைப் பின்பற்றித் தென்னிந்திய ரயில்வே, ஏற்கெனவே இருந்த அகலப்பாதையையும் பெயர்த்து மீட்டர் பாதையாக மாற்றிற்று. காஞ்சிப் பாதையும் 1878-இல் அதே அளவுக்கு மாற்றப்பட்டது. குறைந்த முதலில் நிறைந்த தூரம் என்னும் டிராம்காரர்களின் சித்தாந்தம், அவர்களுடைய கம்பெனியின் பெயர் மறைந்த பிறகு, தென்பாண்டி நாட்டின் நியதியாகவே ஆகிவிட்டது.

அந்த நியதிப்படி 1875-இல் மதுரைக்கு வந்த பாதை, நான்கே மாதங்களில், 1876 ஜனவரி முதல் நாள், தூத்துக்குடியைத் தொட்டது. மதுரையிலிருந்து கடற்கரை வரை ஏறத்தாழ 100 மைல். விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர் வழியாக மணியாச்சி வந்து, அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒன்று கிழக்கே தூத்துக்குடிக்கும் மற்றொன்று தெற்கே திருநெல்வேலிக்கும் சென்றது.

இவ்வளவு துரிதம் யாருக்காக? பிரயாணிகளுக்காக மட்டும் அன்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரினால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அந்நாட்டுப் பஞ்சு வருவது தடைப்பட்டபோது, நம் சீமைப் பருத்திக்குக் கண்டறியாத விலை கிடைத்தது. வியாபாரிகள் ‘டின்னவெல்லி’ என்று பெயரிட்டு வாங்கிய அந்தப் பஞ்சு, கருங்கண்ணியும் உப்பமும் கலந்தது. அதை வண்டியில் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுபோக வேண்டும். கரிசல் மண்ணில் ஒரு மழை பெய்துவிட்டால் வண்டிச் சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும் என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்திலும் ஆழமில்லாமையால் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரமிட்டு நிற்க, சிப்பம் சிப்பமாகத் தோணியில் ஏற்றித்தான் அவற்றிற்குச் சரக்கைச் சேர்ப்பித்தார்கள். கரைக்கு அப்பால் இருந்த அந்த இடர்ப்பாட்டைக் கம்பெனி தீர்க்க முடியவில்லை. கரைக்கு இப்பால் இருந்ததைத் தீர்த்தது.

3. தண்ணீரும் மண்ணும்

கரிசற் காட்டில் பாதை போடுவது தச்சன் மரத்தில் கோடு போடுவது போன்ற காரியம் அன்று. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்து, ஐப்பசி மழையில் உப்பிப் பொதும்பிப் போகும் மண் அது. கரை எழுப்புவதற்கு இருபுறமும் மண்ணை வெட்டிப் போட்டார்கள். வெட்டிய பள்ளங்கள் மழைக்காலத்தில் ஊருணிகளாயின. மேலே கொட்டிய சரளைக் கல் ஈரக் கரிசலுக்குள் மெல்ல மெல்ல இறங்கிவிட, தண்டவாளம் ஒரு பக்கம் தாழும். கேங்மேன்கள் கடப்பாரையால் நெம்பி, கல்லைத் திணித்து, கண்ணால் கோடு பார்த்து மறுபடி சமன்படுத்துவார்கள். அடுத்த மழையில் அதே வேலை அதே இடத்தில் மறுபடியும் தொடங்கும். சிக்கனமாகப் போட்ட பாதையின் மிச்சச் செலவை அந்தத் தொழிலாளிகள் தங்கள் தோள்வலியால் தலைமுறை தலைமுறையாகச் செலுத்திக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

மண்ணைவிடக் கொடிய சங்கடம் தண்ணீர். நீராவி எஞ்சின் சற்றே தூரம் ஓடியதும் தண்ணீர் கேட்கும். அதுவும் நல்ல தண்ணீராக வேண்டும். நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் ஊறுவதோ உப்புநீர். சுண்ணாம்பும் உப்பும் கலந்த நீரைக் காய்ச்சக் காய்ச்ச, பாய்லரின் உட்புறத்தில் கல்லைப் போன்று படிவு ஏறும். படிவு தடித்தால் நெருப்பின் சூடு நீருக்குச் செல்லாமல் இரும்பிலேயே தங்கி, தகடு பழுத்து, வளைந்து, கடைசியில் வெடித்தாலும் வெடிக்கும். இதைத் தடுக்க, லோகோ ஷெட் எனப்படும் எஞ்சின் கொட்டகையில் ஒரு கிரமம் உண்டு. எஞ்சினை உள்ளே கொண்டுவந்து, நெருப்பை வாரிச் சாம்பற்குழியில் தள்ளி, ஆறவிட்டு, பாய்லரின் அடியிலும் பக்கத்திலும் உள்ள திருகுகளைக் கழற்றி, குழாய் நீரை வேகத்துடன் பாய்ச்சிக் கழுவுவார்கள். வெள்ளைச் சேறாகப் படிவு வந்து விழும். பின்பு திருகுகளைப் பூட்டி, நீர் நிரப்பி, முதலில் விறகும் பிறகு கரியுமாக இட்டு நெருப்பை வளர்ப்பான் ஃபயர்மேன். அழுத்தமானியின் முள் மெல்ல ஏறி, வேண்டிய அழுத்தம் காட்டும் வரை டிரைவருக்கு எண்ணெயிடும் வேலை. மதுரை போன்ற பெரிய ஷெட்டுகளில் இரவும் பகலும் நடந்த இக்காரியங்களுக்கு ஆள் வேண்டும். ஆட்களுக்கு வீடு வேண்டும். வீடுகளுக்குத் தண்ணீர் வேண்டும். இப்படியாக, எஞ்சினுக்கென்று தோண்டிய கிணற்றைச் சுற்றி மனிதர்கள் குடியேறினார்கள்.

நிற்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிராக வரும் வண்டிகள் ஒரு நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். ஸ்டேஷன் மாஸ்டர் பிரம்பு வளையத்தில் வைத்து நீட்டும் டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கக்கூடாது. இந்த நிர்ப்பந்தத்தினாலேயே பெரிய ஊர் ஒன்றும் அருகில் இல்லாத பொட்டல்களில்கூட நிலையங்கள் தோன்றின. கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் இடையிலுள்ள குமாரபுரத்தைக் கு. அழகிரிசாமி ஒரு சிறுகதையின் களமாக்கினார். அத்தகைய நிலையம் ஒன்று சுற்றுப்புறத்தின் எத்தனை மனிதர்களை ஒரே இடத்தில் கூட்டிவைக்கிறது என்பதை, இடைசெவலில் பிறந்த அவரைப்போல் அறிந்தவர் யார்?

4. இரண்டு நிறுத்தங்கள்

நிறுத்தங்கள் எல்லாம் நன்மையே செய்தன என்று நான் சொல்ல வரவில்லை. தூத்துக்குடிக் கிளையில் தட்டப்பாறை என்றொரு நிலையம் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்களை, கொழும்புக் கப்பலில் ஏற்றுவதற்கு முன் இறக்கி, தொற்று நோய் உண்டா என்று பார்த்துத் தங்கவைக்கும் முகாம் அங்கே இருந்தது. இதே வகையான மண்டபம் முகாமைப் பற்றி இன்று பலரும் அறிவார்கள். தட்டப்பாறையைப் பற்றி நம் மாவட்டத்திலேயே பேசுவாரில்லை. பாதை திறந்த 1876-ஆம் ஆண்டின் பிற்பகுதியில்தான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது என்பதைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பஞ்சை வெளியே கொண்டுபோகப் போட்ட பாதை, பஞ்சத்திற்குத் தப்பிய மனிதர்களையும் வெளியே கொண்டுபோயிற்று.

மற்றது மணியாச்சி. திருநெல்வேலியிலிருந்து வடக்கே செல்வோரின் வண்டி, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக அங்கே காத்திருக்க வேண்டும். 1911 ஜூன் 17-ஆம் தேதி, திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டு, அந்தச் சந்திப்பில் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்த அந்தச் சிறு இடைவெளியில்தான், வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுத் தானும் உயிர் துறந்தார். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும், 1908-இல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தமும், அவற்றின் மீது பாய்ந்த அடக்குமுறையும் அதற்குப் பின்புலம். ஓடும் வண்டியில் நடக்க முடியாத காரியம், நின்ற வண்டியில் நடந்தது. கால அட்டவணையில் கம்பெனி எழுதிய ஒரு நிறுத்தம் இந்தியாவின் அரசியல் சரித்திரத்தில் இடம்பெற்றது. இன்று அந்நிலையம் வாஞ்சி மணியாச்சி என்றே வழங்குகிறது.

5. கோவில்பட்டியும் எட்டயபுரமும்

இனி நம் ஊருக்கு வருவோம். ரயில் வருவதற்கு முன் இப்பிரதேசத்தின் பெயர்பெற்ற ஊர், கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 9 மைலில் உள்ள எட்டயபுரம். அரண்மனை இருந்தது, புலவர் அவை இருந்தது, சந்தை இருந்தது. பாதையோ மேற்கே ஒதுங்கிச் சென்றது. செண்பகவல்லியம்மன் கோயிலைச் சார்ந்திருந்த கோவில்பட்டியில் வண்டி நின்றது. பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பஞ்சாலை வைக்க முயன்று பொருளை இழந்தார் என்பதைப் பலரும் அறிவர். அந்த நஷ்டத்திற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ரயில் இல்லாத ஊரில் இயந்திரத் தொழில் நடத்துவது எவ்வளவு பாரம் என்பதை எண்ணுகிறவர்களுக்கு, அவற்றுள் ஒன்று வண்டிப்பாட்டையிலேயே கிடக்கிறது என்று தோன்றும். கோவில்பட்டியிலோ 1891-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்ட நூற்பாலை எழுந்தது. 1901-இல் துரைத்தனத்தின் விவசாயப் பண்ணை ஏற்பட்டு, கருங்கண்ணிப் பருத்தியைத் தேர்ந்து வளர்க்கும் ஆராய்ச்சி தொடங்கிற்று. பிற்காலத்தில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாய் வரை இவ்வூரின் பண்டங்கள் வெளியூருக்குப் போகும் வழி திறந்தது. ரயில் ஒன்றே இவற்றையெல்லாம் படைத்தது என்று சொல்பவன் அல்லன் நான்; கரிசற்காட்டு ஜனங்களின் அயராத உழைப்பு இல்லாவிட்டால் நிலையத்தில் ஏற்றுவதற்குச் சரக்கே இருந்திராது. அந்த உழைப்பு எந்த இடத்தில் குவிய வேண்டும் என்பதை எஞ்சினின் நிறுத்தம் தீர்மானித்தது என்பதே என் வாதம்.

இதற்கு மறுதலையும் நம் மாவட்டத்துக்குள்ளேயே உண்டு. தேரிக்காட்டின் ஓரத்தில், குலசேகரன்பட்டினத்துச் சர்க்கரை ஆலைக்காகப் பாரி கம்பெனியின் சார்பில் ஒரு குறும்பாதை ஓடிற்று. பனைவெல்லமும் பிரயாணிகளும் அதில் ஏறினார்கள். ஆலை ஓய்ந்தது, 1940-ஐ ஒட்டிப் பாதையும் பெயர்த்தெடுக்கப்பட்டது. ஒரே முதலாளியின் தேவைக்காக ஏற்பட்ட நிறுத்தங்கள், அம்முதலாளி போனதும் பூர்வ நிலைக்கே திரும்பிவிட்டன. கோவில்பட்டி நிலைத்ததற்கு, பஞ்சு, தானியம், தீப்பெட்டி, மனிதர் என்று பலவற்றிற்கும் அது நிறுத்தமாக இருந்தது காரணம்.

6. செய்ய வேண்டுவது

1990-களின் முற்பகுதியில் மதுரை - தூத்துக்குடிப் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன் சிக்கனத்தின் பெயரால் குறுக்கிப் போட்டதை, பெருஞ்செலவில் அகலமாக்க வேண்டி வந்தது. டிராம்காரர்களின் சித்தாந்தத்திற்குக் காலம் எழுதிய தீர்ப்பு அது. அதற்கு முன்பே நீராவி எஞ்சின்கள் விடைபெறத் தொடங்கியிருந்தன. டீசலுக்கும் மின்சாரத்திற்கும் வழியில் தண்ணீர் வேண்டாம். இரட்டைப் பாதையில் எதிர் வண்டிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். இந்த மாற்றங்களால் சிறு நிலையங்கள் பல தங்கள் பிறப்புக் காரணத்தை இழந்துவிட்டன. இன்று ஓர் ஊரில் விரைவு வண்டி நிற்க வேண்டும் என்று மனுக் கொடுக்கிறோமே, அது சாதாரண வசதிக்கான கோரிக்கை அன்று. முன்பு எஞ்சினின் தாகம் தானாக அளித்ததை, இப்போது உத்தியோகஸ்தரின் கையொப்பத்தினால் பெற முயல்கிறோம்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாத்தூரிலிருந்து தூத்துக்குடி வரை ஒவ்வொரு நிலையத்திலும் பழைய நீர்த்தொட்டி, கிணறு, சாம்பற்குழி, தொழிலாளர் குடியிருப்பு ஆகியவற்றில் இன்று எஞ்சியிருப்பவை எவை என்று அளந்து, படம் எடுத்து, ஜாபிதா எழுதுங்கள். நீராவிக் காலத்தில் வேலை பார்த்து இன்றும் நம்மிடையே இருக்கும் ஃபயர்மேன்களையும் கேங்மேன்களையும் தேடிப்பிடித்து, அவர்கள் வாய்மொழியை அவர்கள் பேசியபடியே பதிவு செய்யுங்கள். தட்டப்பாறை முகாம் இருந்த இடத்தைக் கண்டு குறியுங்கள். அங்கிருந்து கடல் கடந்தவர்களின் சந்ததியார் இலங்கை மலையகத்தில் இன்றும் தங்கள் பூர்விகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கம்பெனியின் தஸ்தாவேஜுகள் எத்தனை டன் பஞ்சு ஏறிற்று என்பதைச் சொல்லும். ஏற்றியவன் யார், அவன் குடித்த தண்ணீர் எந்தக் கிணற்றது என்பதை நாமாக எழுதிவைத்தால்தான் உண்டு.

இவ்வறக்கட்டளையின் காரியஸ்தர்களும் மனம் வைத்து, அத்தகைய ஜாபிதா ஒன்றை அடுத்த ஆண்டுச் சொற்பொழிவோடு சேர்த்து அச்சிட்டு உதவுவார்களாயின், இன்று நான் பேசியவற்றில் திருத்த வேண்டியதைத் திருத்தவும் விடுபட்டதைச் சேர்க்கவும் அதுவே ஆதாரமாகும்.